கலைச்சொல் முன்மொழிவு: செடித்தத்துப்பூச்சியா, கன்னக்கொம்பனா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

புகையான் போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகள் அடங்கிய ஃபுல்கோரோமார்ஃபா என்ற பெருங்கிளைக்குத் தமிழ்ப்பெயராகத் தேவகோட்டை ஐயா முன்வைத்த 'செடித்தத்துப்பூச்சி', பள்ளத்தூர் அக்கா சொன்ன 'விளக்குப்பூச்சி' இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே வேண்டாம் என்றுதான் படுகிறது. இந்தப் பெருங்கிளைக்கு ஒரு நல்ல பெயர் அமைந்துவிட்டால், அதன் கீழ் வரும் சுமார் 20 குடும்பங்களுக்கும் பெயர் வைப்பது எளிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடும் யாருக்கும் பெயர்க் குழப்பம் கிடையாது. தூரில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி புகையான். இலையில் உட்காரும் பச்சைப் பூச்சி பச்சைத் தத்துப்பூச்சி. தூரைக் கையால் தட்டினால் புகையான் பொலபொலவென்று தண்ணீரில் உதிரும், அப்புறம் தத்தித் தத்தி மறுபடியும் தண்டில் ஏறிவிடும். வட்டம் வட்டமாகப் பயிர் கருகி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தே 'புகையான் விழுந்திருக்கு' என்று சொல்லிவிடுவார்கள்.

குழப்பம் புத்தகத்தில் இருக்கிறது. புகையானையும் தத்துப்பூச்சி என்கிறோம், நெல்லில் துங்ரோ என்ற நோயைப் பரப்பும் பச்சைப் பூச்சியையும் தத்துப்பூச்சி என்கிறோம், மாம்பூவில் மொய்ப்பதும் தத்துப்பூச்சிதான். கரும்பில் வரும் பைரில்லாவைக் கரும்பு இலைத் தத்துப்பூச்சி என்று எழுதுகிறோம். ஆனால் பைரில்லா புகையானின் சொந்தம். மாம்பூவில் இருப்பது பச்சைத் தத்துப்பூச்சியின் சொந்தம். உட்காரும் இடத்தை வைத்துப் பெயர் கொடுத்ததால் சொந்தம் மாறிப்போய்விட்டது. 'செடித்தத்துப்பூச்சி' வந்தாலும் இதே கதைதான். இலைத்தத்துப்பூச்சியும் செடியில்தானே இருக்கிறது?

இந்த இரண்டு கிளைகளும் பிரிந்து 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் புகையான், பைரில்லா போன்றவை, 12,000க்கும் மேற்பட்ட இனங்கள். இன்னொரு பக்கம் இலைத்தத்துப்பூச்சிகள், சில்வண்டுகள், நுரைப்பூச்சிகள். அதாவது பச்சைத் தத்துப்பூச்சிக்குப் புகையானைவிடச் சில்வண்டுதான் நெருங்கிய உறவு. இரு கிளைகளும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா என்றே 1990களில் மரபணு வரிசையைப் பார்த்தவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். பின்னர் கூடுதல் மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரே மூதாதை என்ற கருத்து வலுப்பட்டது. இதில் என்னை மிகவும் ஈர்த்த சான்று பூச்சியின் உடலுக்குள் குடியிருக்கும் சல்சியா என்ற பாக்டீரியா. செடிச்சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களை அது செய்து கொடுக்கிறது, தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இரண்டு கிளைகளிலுமே அது இருக்கிறது. மூதாதைக்குள் புகுந்தது பிள்ளைகள் பிரிந்த பிறகும் கூடவே வந்திருக்கிறது.

'விளக்குப்பூச்சி'க்கு வருகிறேன். தென் அமெரிக்காவின் சூரினாமில் பூச்சிகளை வரைந்த மரியா சிபில்லா மேரியன், இந்தக் கிளையைச் சேர்ந்த ஒரு பெரிய பூச்சியின் தலை இருட்டில் ஒளிர்வதாக 1705இல் எழுதினார். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸும் அதன் பெயரிலேயே விளக்கைச் சேர்த்துவிட்டார். உண்மையில் அது ஒளிர்வதில்லை. மேலைநாட்டுப் பெயரில் நிலைத்துப்போன பிழையைத் தமிழில் நாம் ஏன் புதிதாகக் கொண்டுவர வேண்டும்? தவிர, மழைக்காலத்தில் தெருவிளக்கில் வந்து விழும் எல்லாவற்றையும் நம் ஊரில் விளக்குப்பூச்சி என்றுதான் சொல்வார்கள்.

சரி, என் முன்மொழிவு: கன்னக்கொம்பன்.

ஒரு புகையானைச் சிறகைப் பிடித்துத் தூக்கிக் கைலென்ஸில் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழே, கன்னத்திலிருந்து உணர்கொம்பு புறப்படும். அதன் இரண்டாம் கணு தடித்து, மேலெல்லாம் பொடிப் பொடிப் புடைப்பாக இருக்கும். உணர்வு உறுப்புகள் அவை. நுனியில் மட்டும் ஒரு மெல்லிய இழை. பச்சைத் தத்துப்பூச்சியிலோ உணர்கொம்பு இரண்டு கண்களுக்கும் இடையில், முகத்தில், மயிரிழையாக இருக்கும். பைரில்லாவை எடுத்தாலும் கொம்பு கன்னத்தில்தான். இந்தக் கிளை முழுவதையும் சேர்த்துக் கட்டும் அடையாளம் இது. குடும்பங்களின் வரிசையை நாளை யாராவது மாற்றி அடுக்கினாலும் பெயர் பொய்க்காது.

ஆனைக்கொம்பனோடு குழம்புமே என்று கேட்கலாம். ஆனைக்கொம்பன் ஓர் ஈ. அது தாக்கிய குருத்து தந்தம் மாதிரி வெளுத்து நீள்வதால் வந்த பெயர். விவசாயிக்கு இரண்டும் வேறு என்று பார்த்ததுமே தெரியும். '-கொம்பன்' என்ற முடிவு ஏற்கெனவே அவர்கள் நாவில் இருப்பது நமக்கு வசதிதான். புகையான் என்ற பெயரில் நாம் கைவைக்க வேண்டியதே இல்லை, அது அந்த ஓர் இனத்துக்கே இருக்கட்டும்.

புகையானின் குடும்பமான டெல்பாசிடேக்கு 'அசைமுள் கன்னக்கொம்பன்' என்று வைக்கலாம். சேவல் காலில் இருக்கும் முள்ளைப்போல இதன் பின்னங்காலின் கணைக்கால் நுனியில் ஒரு பெரிய முள் உண்டு. ஆனால் இது அசையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வெண்முதுகுப் பூச்சிக்கும் உண்டு, மற்றக் குடும்பங்களுக்குக் கிடையாது. இலைத்தத்துப்பூச்சியின் காலில் சின்ன முட்கள் வரிசையாக இருக்கும் என்பதால் வெறுமனே 'முள்' என்றால் போதாது, 'அசை' அவசியம்.

இன்னொன்று. நம் கலைச்சொல் பட்டியலில் 'ஹோமோப்டெரா'வுக்குத் தமிழ் கேட்டிருந்தீர்கள். அதை எடுத்துவிடலாம் என்பேன். அசுவினி, வெள்ளைஈ, தத்துப்பூச்சி எல்லாவற்றையும் சேர்த்து, நாவாய்ப்பூச்சிகளை மட்டும் விலக்கிவைத்த பழைய அடுக்கு அது. தத்துப்பூச்சிகளுக்கு அசுவினியைவிட நாவாய்ப்பூச்சிதான் நெருக்கம் என்று தெரிந்தபின் வகைப்பாட்டாளர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். புதிய சொல் கொடுத்து உயிரூட்ட வேண்டாம்.

பைரில்லாவின் குடும்பமான லோபோபிடேக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. படமாத்தூர்ப் பக்கம் கரும்பு போடுபவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், அந்தப் பூச்சியை அவர்கள் வாயில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதிலிருந்தே தொடங்கலாம்.