புதுப்பிப்பு: பழைய லெப்டொப்பில் ஸ்குரோல் இழுபட்டது – தீர்ந்துவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. வின்டோஸ் 10 புதிதாகப் போட்ட பிறகு, பக்கத்தை உருட்டினால் திரை விட்டுவிட்டு நகருகிறது என்று கேட்டிருந்தேன். மட்டக்களப்பு டவுனில் விசாரித்த கடையில் ரெம் (மெமரி) கூட்டச் சொன்னார்கள். அது தேவைப்படவில்லை.

பதில் சொன்னவர்களில் காரணத்தைச் சரியாகப் பிடித்தவர் கல்முனை நானாதான். அவர் சொன்னபடி டிவைஸ் மெனேஜரில் (லெப்டொப்பின் பாகங்களைப் பட்டியலிடும் வின்டோஸ் பக்கம்) பார்த்தால், டிஸ்ப்ளே அடாப்டரின் கீழ் 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று கிடந்தது. அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான இன்டெல் டிரைவரே இல்லை; வின்டோஸின் பொது டிரைவர்தான் ஓடியிருக்கிறது. கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்க, அதன் வேலையையும் புரொசெசரே சுமந்திருக்கிறது. வின்டோஸ் அப்டேட் அந்த டிரைவரைக் கொண்டுவரவில்லை. லெப்டொப் கம்பனியின் தளத்தில் மொடல் இலக்கத்தைக் கொடுத்து டிரைவரை இறக்கி, போட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது ஸ்குரோல் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஏறாவூர் தங்கச்சி சொன்ன குரோம் ஹார்ட்வெயார் அக்சலரேஷனை (பக்கம் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் செட்டிங்), டிரைவர் இல்லாதபோது மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது ஓன் செய்தே வைத்திருக்கிறேன்.

எதிர்பாராதது: திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்களும், எச்டிஎம்ஐயில் டிவிக்குப் படம் போவதும் கூடவே சரியாகிவிட்டன. உங்களுடையதிலும் வெளிச்சம் மாறவில்லையென்றால், காசு செலவழிக்க முன்னம் டிரைவரைப் பாருங்கள்.