படகு அணித் தேர்வு: சிட்னி பெற்றோர் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியின் எட்டுப் பேர் துடுப்புப் படகில் இடம் பிடிக்கத் துடிக்கிறான். உள்ளங்கைக் கொப்புளம் வெடித்து, ரசம் சாதத்தைக்கூடக் கரண்டியில்தான் சாப்பிடுகிறான்!

எர்க் மெஷினில் (தரையில் வைத்துத் துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரம்) 2000 மீட்டர் டெஸ்ட். முதல் 500-ஐப் பறந்து முடிக்கிறான், 1000 தாண்டியதும் மூச்சு வாங்குகிறது. வேகத்தை எப்படிப் பங்கிடுவது? அப்புறம் தண்ணீரில் சீட் ரேஸ்: இரண்டு படகுகளை ஓட்டவிட்டு, ஆளுக்கு ஆள் இடம் மாற்றி மறுபடி ஓட்டுவார்களாம். அதற்குத் தனியாகப் பயிற்சி உண்டா?

பையன் ஒல்லி. காக்ஸாக (துடுப்பு வலிக்காமல் படகைத் திருப்பி, அணிக்குக் குரல் கொடுக்கும் எடை குறைந்த ஆள்) உட்காரலாமே என்றால் முறைக்கிறான். பிள்ளைகளை இதில் சேர்த்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள். தேர்வு அடுத்த மாதம்.