தன்னியக்க மசகூட்டல்: வால்வுப் பராமரிப்புக்குச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆலை வால்வுகளுக்குத் தானாகவே கிரீஸ் செலுத்தும் அமைப்புக்குத் ‘தானியங்கி ஓரதர் உயவி’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள்தான். ஆனால் இந்த இடத்தில் அவை பொருந்தவில்லை. ‘தன்னியக்க மசகூட்டி’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொற்கள் வேலைக் குறிப்பேட்டிலும் எச்சரிக்கைப் பலகையிலும் ஏற வேண்டியவை. அங்கே சொல் பிசகினால் வேலையும் பிசகும்.

முதலில், வால்வுக்கு வைத்த ஓரதர். அதர் என்றால் வழி. ஓர் அதர் என்றால் ஒருவழி. இதய வால்வுக்கு இது அருமையான சொல், குருதியை ஒரு பக்கம் மட்டுமே விடுவதுதானே அதன் வேலை. பின்னோட்டத்தைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கதவுபோல் ஏறி இறங்கி மூடும் கேட் வால்வும், திருகி மூடும் பந்து வால்வும் பிளக் வால்வும் பெரும்பாலும் இரு திசையிலும் ஓட்டத்தை விடுபவை. வால்வில் கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு குண்டும் அதைத் தாங்கும் சுருள்வில்லும் இருக்கும். அழுத்தினால் குண்டு விலகி வழிவிடும், அழுத்தம் நின்றதும் திரும்பி வந்து அடைத்துக்கொள்ளும். உண்மையான ஓரதர் அதுதான். ஆலையில் இருக்கிற அத்தனைக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், இந்தக் குண்டுக்கு என்ன பெயர் வைப்பது? பொதுப்பெயராக ‘வால்வு’ இருக்கட்டும். ‘ஓரதர்’ ஒருவழி வால்வுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவோம்.

அடுத்தது, லூப்ரிகேஷனுக்குச் சொல்லும் உயவு. பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல், எடுத்தெறியச் சொல்லவில்லை. உராய்வு குறைகிற விளைவுக்கு அது இருக்கட்டும். சிக்கல் வினையில்தான் வருகிறது. பழைய இலக்கியத்தில் உயவுதல் என்றால் வருந்துதல். இன்றைக்கு யாரும் ‘உயவினேன்’ என்று வேலைக் குறிப்பு எழுத மாட்டார்கள். ‘உயவு செய்க’ என்று ஒட்டுப்போட்டுத்தான் எழுத வேண்டும்.

மசகுக்கு வருகிறேன். வண்டி அச்சில் இடும் மசகு கரியும் எண்ணெயும் குழைத்த கூழ். வழிந்தோடாமல் அச்சோடு நிற்கும். கிரீஸும் கட்டமைப்பில் அதே இனம்தான். லித்தியம் அல்லது கால்சியம் சோப்பின் நுண்ணிழைகள் பஞ்சுபோல எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. உராயும் இடத்தில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஆகவே கிரீஸ் என்பதற்கு மசகு என்ற ஒற்றைச் சொல்லே போதும். ‘மசகு எண்ணெய்’ என்ற தொடரை மட்டும் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அது எந்திரத்துக்கு இடும் எண்ணெய், இலங்கைச் செய்தித்தாள்களிலோ அது கச்சா எண்ணெய். எண்ணெய் வயலில் இருக்கும் வால்வைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். கூழாக இருந்தால் மசகு, திரவமாக இருந்தால் உயவெண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் இரு நாட்டாரும் தடுமாற மாட்டார்கள்.

வினைக்கு மசகிடு, மசகு பூசு, மசகூட்டு என்ற மூன்றில் எனக்குக் கடைசியே பிடிக்கிறது. பூசுவது மேற்பரப்பில் நடப்பது. வால்வில் நடப்பது வேறு. கிரீஸ் கன்னின் குழாயை நிப்பிளில் மாட்டி, அழுத்தம் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களுக்குள் மசகைத் தள்ளுகிறோம். மின்னூட்டு, ஈரமூட்டு என்பவற்றில் வருகிற அதே ‘ஊட்டு’தான் இதற்குப் பொருத்தம். மசகு குற்றியலுகரம் என்பதால் உகரம் கெட்டு ‘மசகூட்டு’ என்று இயல்பாகவே புணர்கிறது. ‘மசகூட்டுக’, ‘மசகூட்டியாயிற்று’, ‘மசகூட்டாதே’ எல்லாம் தடையின்றி வருகின்றன.

இந்த விவாதத்தில் இதுவரை யாரும் தொடாத ஒன்று உண்டு. வால்வுக்குள் ஏற்றும் கூழ் உராய்வைக் குறைக்க மட்டும் வந்ததல்ல. சுவீடன் பொறியாளர் நார்ட்ஸ்ட்ராம் உருவாக்கிய பிளக் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பு வடிவ அடைப்பான் உடலுக்குள் இறுகிப் பொருந்தியிருக்கும். அதன் பக்கங்களில் வெட்டிய பள்ளங்களில் கூழ் நிறைந்து நிற்கும். அந்தக் கூழே கசிவை அடைக்கிறது, திருகும்போது வழுக்கிக்கொடுக்கிறது. அடைப்பான் பிடித்துக்கொண்டால் அடியில் அழுத்தம் ஏற்றி அதை மயிரிழை அளவு மேலே தூக்கியும் விடுகிறது. ஒரே பொருள் மூன்று வேலை பார்க்கிறது. இதை ‘உயவுப்பொருள்’ என்று எழுதினால், கசிவைத் தடுப்பது எது என்று படிப்பவருக்குத் தெரியாமலே போகும். இதற்கு ‘அடைமசகு’ என்று பெயர் வைக்கலாம். வெறும் மசகு வேறு, அடைமசகு வேறு. பிளக் வால்வுக்கு அடைமசகு ஊட்டும்போது முழுக்கத் திறந்த நிலையிலோ முழுக்க மூடிய நிலையிலோ வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பள்ளங்கள் ஓட்டத்துக்கு நேரே திறந்துவிடும், ஊட்டியதெல்லாம் குழாயோடு போய்விடும். கையேட்டில் இது ‘முழுதாகத் திறந்தோ மூடியோ அடைமசகு ஊட்டுக’ என்று ஒரே வரியில் முடிகிறது.

இனி தன்னியக்கம். ‘தானியங்கி’ பெயர்ச்சொல்லாகவே புழங்குவதால் அடைமொழியாகத் ‘தன்னியக்க’ என்பதே சீராக இருக்கும். 10,000 பிஎஸ்ஐ, 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று தரம் குறித்த, எண்ணெய்க் கிணற்றின் வாயில் இருக்கும் கிணற்றுத்தலை வால்வுகளின் பக்கத்தில், அழுத்தம் ஏறியிருக்கும்போது ஆளை நிறுத்துவது ஆபத்து. மணலும் நீரும் அடித்துக்கொண்டு போகும் கேட் வால்வுகளுக்கோ அடிக்கடி மசகூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உட்குழிவில் மணல் சேர்ந்து கதவு முழுதாக மூடாது. அதனால்தான் தொலைவில் இருக்கும் தொட்டி, மசகைத் தள்ளும் ஏற்றி (பம்பு), கட்டுப்படுத்தி எல்லாம் தேவைப்படுகின்றன. எந்த வால்வு எத்தனை முறை திறந்து மூடியது என்று எண்ணி, அதற்கேற்ற அளவை அனுப்புவார்கள். அழுத்தம் ஏறுகிறது, ஆனால் மசகு நகரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. மசகு ஓடுகிறது, அழுத்தமே இல்லை என்றால் குழாய் அறுந்திருக்கிறது.

பல இடங்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் கருவிக்குப் ‘பகிர்வி’ போதும். அதில் ஒரு வகையில் உந்துதண்டுகள் (பிஸ்டன்கள்) வரிசையாக நகரும். முன்னது நகர்ந்து முடித்தால்தான் அடுத்ததற்கு வழி திறக்கும். ஒன்று அடைத்தாலும் மொத்த வரிசையும் நிற்கும். அதனால் ஓர் உணரியே (சென்சார்) எல்லா வழிகளுக்கும் காவல். இதற்குத் ‘தொடர்பகிர்வி’.

எச்சரிக்கைப் பலகை என்று சொன்னேன் அல்லவா? ஆக்சிஜன் குழாயில் இருக்கும் வால்வில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பற்றக்கூடும். அங்கே ‘உயவு கூடாது’ என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. ‘எண்ணெய் கூடாது’ என்று மட்டும் எழுதினால், கிரீஸ் எண்ணெயில்லையே என்று ஒருவர் நினைக்க இடம் இருக்கிறது. ‘எண்ணெயும் மசகும் படக்கூடாது’ என்றால் சந்தேகமே இல்லை.

புதுச்சொல் எதற்கு, கிரீஸ் அடிக்கிறது என்றாலே புரிகிறதே என்று கேட்டவருக்கு: பேச்சில் அப்படியே இருக்கட்டும். எழுத்துக்குத் தனிச்சொல் வேண்டும், பெயர் இருந்தால்தான் பொருள் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்திலும் உராய்வு, தேய்வு, உயவு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ‘டிரைபாலஜி’ என்ற சொல் 1966-இல் பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழுவின் அறிக்கையோடுதான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை சிதறிக் கிடந்த வேலைகள் ஒரே துறையாகத் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகே.

இரண்டு சொற்களுக்கு எனக்கு இன்னும் மனம் நிறையவில்லை. நிப்பிளுக்கு ‘ஊட்டுமுனை’ சரியாக வருமா? அவசரத்தில் மூட வேண்டிய வால்வு சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, ஆலையை நிறுத்தாமல் அதைக் கொஞ்சம் மட்டும் அசைத்துப் பார்க்கும் சோதனைக்குப் ‘பகுதியசைவுச் சோதனை’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.