வரையாமல் விட்ட இடம்

படங்களால் சொல்லப்படும் வாழ்க்கை வரலாறுகளையும் வாசிப்புக் கணக்கில் சேர்க்கலாமா என்று இங்கே ஓர் அன்பர் கேட்டிருந்தார். ஆறு மாதங்களுக்கு முன்பு வரை அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. நான் வளர்ந்த வீட்டில் அண்ணன் ஒரு தகரப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வைத்திருந்தான். இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து உருவம் மறையும் பக்கங்களை நாங்கள் இருவரும் ஓரம் கிழியும் வரை புரட்டியிருக்கிறோம். அம்மா ஒருநாளும் அவற்றைப் புத்தகம் என்று ஒப்புக்கொண்டதில்லை. 'பொம்மைப் புஸ்தகம்' என்றுதான் சொல்வார். அந்தச் சொல் எனக்குள்ளும் தங்கிவிட்டது போலும். நாவல் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பதும், படக்கதை என்றால் சாய்ந்துகொண்டு புரட்டுவதுமாகவே என் பழக்கம் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அண்மையில் நான்கு சித்திர வரலாறுகளையும் இரண்டு நாவல்களையும் ஒன்றை அடுத்து ஒன்றாக வாசித்ததில் அந்தப் பழக்கம் உடைந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசித்தது அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்'. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதி 2011இல் ஆங்கிலத்தில் வந்த நூல் அது. பின்னர் தமிழிலும் வந்தது. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று வாழ்க்கையின் மூன்று அடிப்படைத் தேவைகளை எடுத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் ஒரு மனிதருக்கு எப்படி மறுக்கப்பட்டன என்பதை நூல் சொல்கிறது. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அருகில் வந்து உட்கார்ந்தவள், எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பேச்சுப் பலூனின் மேல் விரலை வைத்து, "சித்தி, இவங்க பேசுனா கொட்டும்" என்றாள்.

நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. அந்த நூலில் கொடுஞ்சொல் பேசுகிறவர்களின் பலூனுக்குத் தேளின் கொடுக்கே வாலாக இருக்கிறது. கனிவாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவத்துக்குள் இருக்கின்றன. மனத்துக்குள் நினைப்பவை கண் வரைந்த பலூனுக்குள் வருகின்றன. பலூனில் இருப்பதை எழுத்தாக மட்டுமே படித்துக்கொண்டு போன எனக்கு, ஒரு குழந்தையின் விரல் காட்டிய பிறகுதான் பலூனின் வடிவமும் பேசுகிறது என்று புரிந்தது. அன்று அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் அவளோடு சேர்ந்து பார்த்தேன்.

வழக்கமான படக்கதைகளில் இருப்பது போன்ற கட்டங்கள் 'பீமாயண'த்தில் இல்லை. தங்கள் பாத்திரங்களைப் பெட்டிகளுக்குள் அடைத்து மூச்சுமுட்ட வைக்க விரும்பவில்லை என்பதை ஓவியர்களே நூலில் சொல்லியிருக்கிறார்கள். கோண்டுகள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் திக்னாக் கோலங்களே பக்கங்களைப் பிரிக்கின்றன. ரயில் பாம்பாக நெளிந்து வருகிறது. 1901இல் சிறுவன் பீம் தன் உடன்பிறந்தாரோடு கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காண மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு இசைந்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ளட்டும் என்று தாம் நடந்து வருகிறார். கையில் சோறு இருந்தும், இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இந்த நிகழ்ச்சியை அம்பேத்கரே எழுதியிருப்பதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் உடலெங்கும் கோலமாக நிறைந்திருக்கும் அந்த ஓவியங்களுக்கு நடுவில் தாகத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். எனக்கு ஒரு குறையும் உண்டு. இன்றைய நகரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருவர் இடஒதுக்கீடு பற்றி வாதிடுவதாக நூலைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த உரையாடல் பல இடங்களில் பாடம் நடத்துவதாக இருக்கிறது. ஓவியங்கள் அவ்வளவு வலுவாகச் சொல்லியதற்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து வாசித்தது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்'. 1986இலும் 1991இலும் இரு பாகங்களாக வெளிவந்து, 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்தது என்ற ஒரே செய்தியோடு பலரும் இந்த நூலைக் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உள்ளே இருப்பது ஒரு மகன் தன் தந்தையிடம் கேட்டுக் கேட்டுக் கதை வாங்கும் பாடு. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட தந்தை விளாடெக், நியூயார்க்கில் முதுமையில் உடற்பயிற்சி மிதிவண்டியை மிதித்துக்கொண்டே பேசுகிறார். ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிக்கும், யாரையும் நிம்மதியாக விடாத மனிதர் அவர். தந்தையைத் தியாகியாக்கிக் காட்டும் ஆசை மகனுக்கு எங்குமே வரவில்லை. மனைவி அன்யா தற்கொலை செய்துகொண்ட பிறகு அவர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளைத் தாமே எரித்துவிட்டதை விளாடெக் ஒப்புக்கொள்ளும் இடத்தில் முதல் பாகம் முடிகிறது. மகன் தந்தையைக் கொலைகாரர் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். அதற்குப் பிறகு நூல் முழுவதும் தந்தையின் குரல் மட்டுமே இருக்கிறது. தாயின் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அதை இட்டு நிரப்ப ஸ்பீகல்மன் முயலவே இல்லை.

இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகாமிலிருந்து கைதிகளை வேலைக்கு நடத்திச் செல்லும்போது வாயிலருகே கைதிகளின் இசைக்குழு வாசித்ததாக மகன் படித்திருக்கிறான்; அதைப் பற்றித் தந்தையிடம் கேட்கிறான். தந்தையோ இசைக்குழு எதுவும் நினைவில்லை, நடந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது, காவலர்கள் கத்தியதுதான் காதில் விழுந்தது என்கிறார். ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன என்று மகன் சொல்கிறான், தந்தை மறுக்கிறார். ஸ்பீகல்மன் என்ன செய்தார் தெரியுமா? முதல் கட்டத்தில் இசைக்குழுவை முழுமையாக வரைந்தார். தந்தை மறுத்த பிறகு வரும் கட்டத்தில் அணிவகுத்துப் போகும் கைதிகளை அதற்கு முன்னால் வரைந்து மறைத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் தலைகளுக்குப் பின்னால் வாத்தியத்தின் விளிம்பு கொஞ்சம் தெரியும். ஆவணமும் பொய்யாகவில்லை, தந்தையின் நினைவும் பொய்யாகவில்லை. எழுத்தில் இதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும், அந்தப் பத்தியும் யாரேனும் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும். ஒருவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர் தமக்கு உறுதியாகத் தெரியாததை எப்படிக் கையாளுகிறார் என்பதே நூலின் நேர்மைக்கு உரைகல் என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு வாசித்த நூல்களையெல்லாம் அந்தக் கண்ணோடே பார்த்தேன்.

அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் 'லாஜிகாமிக்ஸ்' என்னை வருத்தியது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கணிதத்துக்கு ஐயமற்ற அடித்தளம் தேடி அலைந்த கதையை 2009இல் வந்த இந்த நூல் மிக அழகாகச் சொல்கிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நிறுவ நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய மனிதரின் தவிப்பு, கணிதம் அறியாத எனக்கும் புரிந்தது. இளம் ரஸ்ஸல் கணித அறிஞர்களான ஃபிரேகேயையும் கான்டரையும் நேரில் போய்ச் சந்திக்கும் காட்சிகள் மனத்தில் அப்படியே பதிந்தன. கணிதம் கற்பிக்கும் தோழி ஒருவரிடம் அந்தச் சந்திப்புகளைப் பற்றி நான் வியந்து பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நூலின் கடைசிப் பக்கங்களைப் படித்தேனா என்று மட்டும் கேட்டார். அந்த இருவரையும் ரஸ்ஸல் நேரில் சந்தித்ததே இல்லை என்றும், கதையின் வசதிக்காகச் சந்திக்க வைத்தோம் என்றும் ஆசிரியர்கள் அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டது நேர்மைதான். என்றாலும் கண்ணால் கண்ட காட்சியை ஒரு பின்குறிப்பால் அழிக்க முடிவதில்லை. எழுத்தில் படித்த தகவல் திருத்தினால் திருந்துகிறது. படமாகப் பார்த்தது திருந்த மறுக்கிறது. இன்றும் ரஸ்ஸல் என்றால் அவர் ஃபிரேகேயின் முன்னால் நிற்பதே என் நினைவுக்கு முதலில் வருகிறது. உண்மையில் வாழ்ந்த மனிதரை வரைய வருகிறவருக்கு நாவலாசிரியரைவிடப் பொறுப்பு மிகுதி என்று நான் எண்ணுவது இதனால்தான்.

மர்ஜான் சத்ரபி தம் இளமையைத் தாமே வரைந்த நூலைத் தமிழில் 'ஈரான்' என்ற தலைப்பில் விடியல் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. பலரும் வாசித்திருப்பீர்கள் என்பதால் ஒரே ஓர் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். போர்க்காலத்தில் தெருவில் ஏவுகணை விழுந்த செய்தி கேட்டுச் சிறுமி மர்ஜான் ஓடி வருகிறாள். அவளுடைய வீடு தப்பியிருக்கிறது. பக்கத்து வீடு இடிந்து கிடக்கிறது. இடிபாடுகளுக்கிடையில் தோழியின் கைவளையை அவள் காண்கிறாள். அடுத்து அவள் கண்களைப் பொத்திக்கொள்கிறாள். அதற்கடுத்த கட்டம் முழுவதும் கறுப்பு. உருவம் எதுவும் இல்லை. வரையத் தெரிந்த கை அங்கே வரைய மறுத்துவிட்டது. பக்கத்தைத் திருப்பாமல் நான் நெடுநேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவலுக்கு வருகிறேன். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதி, கே. நல்லதம்பி தமிழாக்கிய 'காச்சர் கோச்சர்' நூறு பக்க அளவிலான சிறிய நூல். கதை சொல்கிறவனுக்குப் பெயர் இல்லை. பெங்களூரில் ஒரு காஃபி ஹவுஸில் உட்கார்ந்து, பரிமாறும் வின்சென்ட்டோடு ஓரிரு சொற்கள் பேசியபடி, தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறான். சித்தப்பா தொடங்கிய மசாலா வியாபாரம் செழிக்கிறது, பழைய சிறிய வீட்டிலிருந்து குடும்பம் பெரிய வீட்டுக்குப் போகிறது, அவனுக்கு வேலை செய்யும் தேவையே இல்லாமல் போகிறது. பழைய வீட்டில் எறும்புத் தொல்லை உண்டு. உணவைக் காப்பாற்றத் தொடங்கிய அம்மாவும் தமக்கையும் நாளடைவில் எறும்புகளை வெறுப்போடு கொல்லப் பழகுகிறார்கள். அந்தப் பத்திகளை வாசித்தபோது நான் புன்னகைத்தேன், ஏனென்றால் சர்க்கரை டப்பாவை நீர் ஊற்றிய தட்டில் வைத்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். பின்னர் ஒரு நாள் சித்தப்பாவைத் தேடி மசூர் பருப்புக் குழம்போடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். அவளை அந்த வீட்டுப் பெண்கள் வாய்கொள்ளாத வசைகளால் துரத்தும்போது, எறும்புகளைக் கொன்ற அதே கைகள் என் நினைவுக்கு வந்தன. நாவல் அந்த ஒப்புமையை எங்கும் சொல்லவில்லை.

அவன் சொல்லாமல் விடுவது இன்னும் நிறைய. மனைவி அனிதா ஊருக்குப் போயிருக்கிறாள், அவளிடமிருந்து செய்தி இல்லை என்கிறான். அதைப் பற்றி மேலும் பேசாமல் வேறெதையோ பேசுகிறான். முடிவை இங்கே எழுதப் போவதில்லை. நூலை மூடிய பிறகு, அவன் எந்தெந்த இடத்தில் பேச்சை மாற்றினான் என்று தேடிக்கொண்டு நான் பின்னோக்கிப் புரட்டினேன். 'மவுஸ்' நூலில் கைதிகளின் தலைகளுக்குப் பின்னால் வாத்தியத்தின் விளிம்பைத் தேடியது போலத்தான் இதுவும் இருந்தது. ஸ்பீகல்மன் மறைத்தது தந்தையின் நினைவை மதித்து. இந்தக் கதைசொல்லி மறைப்பதோ தன் சோற்றையும் சொகுசையும் காத்துக்கொள்ள. மறைப்பு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் காரணம் நம்மை எவ்வளவு தொலைவுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

கடைசியாக வாசித்தது, 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங்கின், 1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டுக்கொன்றதைப் பற்றிய 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவல். ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். முதல் அத்தியாயத்தில் பள்ளிச் சிறுவன் ஒருவனை 'நீ' என்று முன்னிலையில் அழைத்தே கதை நடக்கிறது. சடலங்கள் வரிசையாகக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் அவன் மெழுகுவத்திகளை ஏற்றி வைக்கிறான். இரண்டு நாள் அதற்கு மேல் படிக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

பின்னால் ஓர் அத்தியாயம், பதிப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றியது. விசாரணையில் கன்னத்தில் ஏழு அறைகள் வாங்கிய அவள், நாளுக்கு ஓர் அறையாக மறந்துவிடுவது என்று தீர்மானிக்கிறாள். தணிக்கை அலுவலகத்திலிருந்து அவள் திரும்பப் பெறும் நாடகப் பிரதியில் பக்கம் பக்கமாக மை உருட்டிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். சத்ரபியின் கறுப்புக் கட்டம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. இங்கே கறுப்பைப் பூசியது வேறு கை. நூலை வெளியிட முடியவில்லை. நாடகம் மட்டும் அரங்கேறுகிறது. வெட்டப்பட்ட வசனங்கள் வரும்போது நடிகர்கள் குரல் எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைக்கிறார்கள். அரங்கில் ஓசை இல்லை. அந்தப் பிரதியில் வேலை செய்தவள் என்பதால், உதடுகள் அசைய அசைய ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்கிறது.