யூரியாவை நுண்ணுயிர் தின்னுமா, தின்று சாகுமா?

வரப்போரம்:
டீக்கடையில் ஆரம்பித்த சண்டை, இங்கேயும் போடுகிறேன். யூரியா மண்ணில் இருக்கிற நுண்ணுயிரைக் கொன்றுவிடுகிறது, அதனால்தான் போகத்துக்குப் போகம் மூட்டை கூடுகிறது என்பது என் கட்சி. பக்கத்து வயல்காரர் சிரிக்கிறார். நான் இந்தத் தடவை யூரியாவை விட்டு, சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்துப் புளிக்கவைக்கிற ஜீவாமிர்தத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மண்வாசி:
அண்ணே, நுண்ணுயிர் இல்லையென்றால் யூரியா போட்டும் வீண். பயிர் பெரும்பாலும் எடுப்பது அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும்தான், யூரியாவை அப்படியே அல்ல. உடைத்துக் கொடுப்பது யூரியேஸ் என்ற நொதி, பாக்டீரியாவும் பூஞ்சையும் செய்வது, நடுவில் இரண்டு நிக்கல் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் தானாக உடைய வருஷக்கணக்கில் ஆகிற யூரியாவை இது வெயில் காலத்தில் சில நாளில் முடித்துவிடும். குருணை விழுந்த இடத்தில் காரத்தன்மை ஏறி சில உயிர்கள் அடிபடும், அது உண்மை. அதற்காக மண்ணே செத்தது என்றால் எப்படி? அப்புறம், கோமியத்தில் இருக்கிற நைட்ரஜனிலும் பெரும்பங்கு யூரியாதான். விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் கண் எரிகிறதே, இதே நொதி கிளப்பிய அம்மோனியாதான் அது.

வரப்போரம்:
அளவைப் பாருங்கள் தம்பி. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் கோமியம் 10 லிட்டர், அதில் எவ்வளவு நைட்ரஜன் இருந்துவிடும்? 100 கிராம் தேறினால் அதிகம். உங்கள் 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். ஜீவாமிர்தத்தை நான் உரமாக விடவில்லை, வெல்லமும் பயறு மாவும் போட்டு மண்ணுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு வைக்கிறேன். மட்கிலிருக்கும் புரதத்தை அவர்கள் உடைக்கட்டும்.

மண்வாசி:
உடைப்பார்கள். புரோட்டியேஸ் புரதத்தை அமினோ அமிலமாக நறுக்கும், அடுத்த நொதிகள் அதிலிருந்து அம்மோனியத்தைக் கழற்றும். ஆனால் மட்கே இல்லாத வயலில் எதை உடைப்பது? பத்து வருஷமாக வைக்கோலை விற்றுவிட்டு நுண்ணுயிரைக் கூப்பிட்டால், வந்தவர்கள் வெறும் இலையைத்தான் பார்ப்பார்கள்.

வேப்பங்கொட்டை:
இரண்டு பேரும் வீணாகச் சண்டை போடுகிறீர்கள். 2015-லிருந்தே யூரியா எல்லாம் வேம்பு பூசித்தானே வருகிறது, அந்த நொதியைக் கட்டிப்போடத்தானே? முன்பு நாங்களே யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு 5:4:1 கலந்து ஒரு ராத்திரி வைத்துத் தூவியிருக்கிறோம்.

மண்வாசி:
இல்லைங்க, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். வேம்பு முக்கியமாகப் பிடிப்பது அடுத்த படியை. நைட்ரோசோமோனாஸ் மாதிரியானவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், வேறு சில அதை நைட்ரேட் ஆக்கும், அந்த முதல் கூட்டத்தைத்தான் வேம்பு மெதுவாக்குகிறது. யூரியேஸைத் தடுக்க என்பிபிடி என்று வேறு மருந்து இருக்கிறது. அதனால் வேம்பு பூசியதுதானே என்று காய்ந்த மண்மேல் மதியம் தூவினால் அம்மோனியா பறக்கத்தான் செய்யும்.

நம்பாவிட்டால் மூன்று பாட்டில் எடுங்கள். ஒன்றில் வயல்மண், ஒரு கரண்டி யூரியா, கொஞ்சம் தண்ணீர். இரண்டாவதில் மண்ணும் கோமியமும். மூன்றாவதில், நுண்ணுயிரும் நொதியும் அழியும்படி சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைத்த மண்ணோடு யூரியா. மஞ்சளில் நனைத்த துணித் துண்டை, ஈரம் காயாமல், மண்ணில் படாமல் மூடியிலிருந்து தொங்கவிடுங்கள். அம்மோனியா கிளம்பினால் மஞ்சள் சிவக்கும்.

வரப்போரம்:
நாலு நாள் கழித்து வந்திருக்கிறேன். முதல் பாட்டில் துணி குங்குமம் மாதிரி சிவந்துவிட்டது. கோமியமும் அப்படியே, சொல்ல மனசில்லைதான். வறுத்த மண்ணில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. சரி, கொல்கிறது என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மூட்டை ஏன் கூடுகிறது என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மண்வாசி:
உங்கள் வயலில் தண்ணீர் கட்டுவதும் காய்வதும் மாறி மாறி நடக்கிறதா? காயும்போது நைட்ரேட் ஆகிறது, திரும்பத் தண்ணீர் நின்றதும் காற்றில்லாத சேற்றில் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அதை வாயுவாக்கி மேலே அனுப்பிவிடுகிறது. பாதி மூட்டை அங்கே போகிறதோ என்னவோ. முறைப்பாசனம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

வரப்போரம்:
முறையா? எங்களுடையது வாய்க்காலின் கடைசி, கடைமடை தம்பி. வந்தால் தண்ணீர்.