மேக்காட்டு மரமெல்லாம் எடுக்கறதா வேண்டாமா (நம்ம தோட்டம் குரூப்)

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கமுங்க. திங்கக்கெழம ஜேசிபி வருது. மேக்காட்டுல இருக்கற வேலாமரம், வரப்புல நிக்கற வேம்பு, பனை எல்லாத்தையும் எடுத்துட்டு தென்னை வெச்சு சொட்டுநீர் டிரிப் போட்டரலாம்னு இருக்கறேன், யாருக்காச்சும் வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிருங்க

பெரியப்பா: பனைய தொட்டராத சாமி. கலெக்டர் பர்மிசன் இல்லாம வெட்டக்கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லீட்டாங்க

சாந்தி அத்தை: பர்மிசன் கெடச்சா வெட்டிருவியாக்கும்? பங்குனி சித்திரைல அந்தப் பனைல தெளுவு (பதநீர்) எறக்குவாங்க, மண் முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவாங்க, இல்லீன்னா விடியறதுக்குள்ள புளிச்சு கள்ளாயிரும்

கார்த்தி: அத்தே மரம் ஏற ஆளு எங்கீங்க இருக்குது இப்ப

சாந்தி அத்தை: ஆளில்லீன்னா தெளுவும் நுங்கும் போச்சு சரி, பழம் தானா தான உழுகுது. ஆவணில கொட்டைய பொறுக்கி மண்ணுல பொதச்சு வெச்சா தைக்கு கெழங்கு. மஞ்சத்தூளு உப்பு போட்டு வேகவெச்சு திங்கறதுக்கு மட்டும் மொத ஆளா வர்ற

பெரியப்பா: வேலாமரத்த எடுத்துட்டு செம்மறிக்கு என்னத்த போடுவ? கோடைல பச்சையே இல்லாதப்ப அந்தக் காயி உதிர உதிர பொறுக்கித்தான் ஆடு உசுரோட இருக்குது. நெழலும் லேசாத்தான் உழுகும், அடியில கொழுக்கட்டைப் புல்லு அதுபாட்டுக்கு வரும். நம்ம போருல சித்திரைல காத்துதான் வருது, தென்னைக்கு தண்ணி யாரு லாரில கொண்டாந்து ஊத்தறது

சாந்தி அத்தை: வேம்ப வெட்டிட்டு வேப்பம்புண்ணாக்கு மூட்டை மூட்டையா காசு குடுத்து வாங்கு, நல்ல பண்ணையம். துணி விரிச்சு பூவ சேத்தி நெழல்ல காயவெச்சா வருசம் பூரா ரசத்துக்கு ஆகும், நெய்யில கருக வறுத்து போடோணும். எண்ணெய் ஆட்டி வெச்சா கொழந்தைகளுக்கு வயித்துப் பூச்சிக்கு அரை ஸ்பூன் குடுக்கலாம், ரம்யா பையனுக்கு கூட

ரம்யா: அத்தை ப்ளீஸ் அது மட்டும் வேண்டாங்க!! வேப்பெண்ணெய் உள்ள போயி கைக்கொழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு வந்து உசுரே போயிருக்குது. பூச்சிக்கு அங்கன்வாடில ஒரு வயசுக்கு மேல அல்பெண்டசோல் ஃப்ரீயா தர்றாங்க

சாந்தி அத்தை: எங்கம்மா எங்களுக்கெல்லாம் குடுத்து தான் வளத்துச்சு

ரம்யா: உங்களுக்கு ஒண்ணும் ஆகல, சந்தோசம். இவனுக்கு நான் குடுக்க மாட்டேனுங்க. ரசம் ஊத்துங்க, எண்ணெய மாட்டுக் கொட்டாய்ல ஈ வராம இருக்க வெச்சுக்கலாம்

சாந்தி அத்தை: செரி அம்மிணி. படிச்ச புள்ள சொல்ற

கார்த்தி: அப்ப பனை, வேம்பு நிக்கட்டும். வேலாமரத்துல காஞ்சு போனத மட்டும் எடுத்தரலாங்களா

பெரியப்பா: ஞாயித்துக்கெழம வர்றேன், எது எதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டுரலாம்

கார்த்தி: ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டனுங்களே

பெரியப்பா: தெக்கால குட்டை மேவிக் கெடக்குது பாரு, அத தூர் வாரச் சொல்லு