வீடு மாமியார் பேரில் இருந்தது

மாடித்தோட்டம்:

சண்டை முற்றிய அன்று என் கணவர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால் அடுக்களைக் கதவில் புதுப் பூட்டு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "வீடு என் பேர்ல இருக்கு, நீ உங்கம்மா வீட்டுக்குப் போ" என்றார் மாமியார். பத்து நாள் மாடி அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துப் பையனுக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

பத்திரத்தில் பேர் இல்லாதவளுக்கு என்ன உரிமை என்றுதான் நானும் நினைத்தேன். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர்தான் தெளியவைத்தார். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், 17ஆம் பிரிவு: சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கலாம், பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சரி. மாமனார், மாமியார் வீடும் அதில் வரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வயதானவர்களின் நிம்மதியையும் பார்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. வக்கீல் இதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

ரேஷன் கார்டு, சமையல் கேஸ் புத்தகம், பையனின் பள்ளி டைரி, இவற்றை வைத்துத்தான் நான் அங்கே வாழ்ந்ததை நீதிமன்றத்தில் காட்டினோம். இடைக்கால உத்தரவில் ஓர் அறை, அடுக்களை, குளியலறை, மாதம் 9,000 ரூபாய். மறுநாள் மாமியார் பூட்டைத் திறந்தார், அடுப்புத் திண்டின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டார். சின்ன பர்னர் என் பக்கம். இன்னும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை, மங்கினால் திரும்பப் போடுகிறார்.

தூத்துக்குடிக்காரி:

நான் அடி தாங்காமல் கிளம்பி வந்தவள். "வெளியே வந்துட்டா உரிமை போச்சு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது தப்பு. முன்பு எப்போதாவது அங்கே வாழ்ந்திருந்தாலும் போதும். திரும்பிப் போக எனக்குத் துணிவில்லை; அதனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் தனி வீட்டுக்கு வாடகை கேட்டோம், கிடைத்தது. ஜீவனாம்சமும் கிடைத்தது, மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. போட்டது ஜூன், உத்தரவு வந்தது பிப்ரவரி, எட்டு மாதப் பாக்கி சேர்ந்து நின்றது. அதை வாங்க இன்னொரு மனு, நாலு வாய்தா. யாரும் உடனே பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ரெண்டாம் ஷிப்ட்:

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. நான் வேறொரு வழக்கில் கணவன். ஜீவனாம்ச வழக்கில் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், கணவன் மனைவி இருவருமே. நான் ஓவர்டைம் பணத்தை எழுதாமல் விட்டேன். அவள் வக்கீல் என் பேங்க் ஸ்டேட்மென்ட்டை மேஜையில் விரித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்ட வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அப்புறம் என் வக்கீல் வாய்தா முடியும்வரை என் பக்கமே திரும்பவில்லை.